அதிவேகப் பாதை பிறந்த கதை

ஆலங்குடாவுக்குக் கோச்சி வந்ததில்லை. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவில் கற்பிட்டி முனை வரை நீளும் மணல் நிலம். வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளையும் பூமி இது. கரைவலை இழுப்பார்கள். தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது. அதற்கு வேண்டிய நிலக்கரிகூடக் கப்பலில்தான் வருகிறது. கோச்சி ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துப் பாலாவிக்குப் போக வேண்டும்.

ஆனாலும் இங்குள்ள பிள்ளைகளுக்கு யப்பானின் கோச்சியும் சீனத்தின் கோச்சியும் நன்றாகத் தெரியும். கைப்பேசியில் அவை பறப்பதைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அப்படி ஓர் எஞ்சினை வாங்கி நம்முடைய புத்தளப் பாதையில் விட்டால் என்ன? கேட்க வேண்டிய கேள்விதான். அதிவேகக் கோச்சி பிறந்த கதை முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலாகவே இருக்கிறது. கோச்சியை விரைவாக்கப் பார்த்தவர்கள் கடைசியில் பாதையைத்தான் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

யப்பானில் முதல் பாதை 1872இல் தோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே ஓடியது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,067 மில்லிமீற்றர். மலைநாடு, கையில் பணம் குறைவு, ஒடுக்கமான பாதை போதும் என்று அன்றைக்கு முடிவெடுத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1865இல், இலங்கையில் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது. நம்முடைய இடைவெளி 1,676 மில்லிமீற்றர். இன்று யப்பானின் அதிவேகப் பாதையில் இருப்பது 1,435 மில்லிமீற்றர்தான். ஆக, அகலத்தில் நாம் என்றும் யப்பானுக்குப் பின்னால் நின்றதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யப்பானில் ஒடுக்கப் பாதை போதாது என்று வாழ்நாள் முழுக்கப் போராடியவர் யசுஜிரோ ஷிமா என்ற பொறியியலாளர். அகலப் பாதைக்காக அவர் வாதாடிய ஒவ்வொரு முறையும் அரசியல் அவரைத் தோற்கடித்தது. இருக்கிற பாதையை அகலமாக்கும் பணத்தில் தங்கள் ஊருக்குப் புதுப் பாதை போடலாம் என்று ஊருக்கு ஊர் அரசியல்வாதிகள் கேட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கோச்சி வராத ஊரின் ஏக்கம் ஆலங்குடாக்காரருக்குத் தெரியாததா?

1930களின் கடைசியில் நிலைமை மாறியது. தோக்கியோவிலிருந்து ஷிமொனொசெகி வரை முற்றிலும் புதிய, அகலமான பாதை ஒன்றைப் போட்டு மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுவது என்று திட்டம் எழுந்தது. குழுவுக்குத் தலைவர் யசுஜிரோ ஷிமா. 1940இல் பாராளுமன்றம் ஒப்புக்கொண்டது. நிலம் வாங்கினார்கள், சுரங்கங்கள் குடையத் தொடங்கினார்கள். அதற்குள் போர் முற்றி எல்லாவற்றையும் நிறுத்தியது. 1946இல் யசுஜிரோ இறந்தார். அவர் காலத்தில் வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியும் குடைந்த சுரங்கங்களும் மட்டும் மிஞ்சின. அவை வீண் போகவில்லை.

அவருடைய மகன் ஹிதேயோ ஷிமாவும் கோச்சிப் பொறியியலாளர்தான். யப்பானில் ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட டி51 நீராவி எஞ்சினை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். 1951இல் யோக்கஹாமாவில் சகுரகிச்சோ நிலையத்தில் ஒரு கோச்சி தீப்பிடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். அதன் பின் ஹிதேயோ பதவி விலகினார். 1955இல் யப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக ஷின்ஜி சோகோ வந்தார். வயது 71. பொறுப்பேற்க ஆளில்லாமல் கிடந்த பதவி அது. அவர் செய்த முதல் நல்ல காரியம், ஹிதேயோ ஷிமாவைத் திரும்ப அழைத்துவந்து தலைமைப் பொறியியலாளர் ஆக்கியது. தகப்பன் விட்ட இடத்திலிருந்து மகன் எடுத்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சில்லைப் பற்றியது. கோச்சியின் சில்லை அருகில் குனிந்து பார்த்தால், அது தண்டவாளத்தில் உருளும் பரப்பு தட்டையாக இல்லை என்பது தெரியும். உட்பக்கம் கொஞ்சம் பருத்து, வெளிப்பக்கம் கொஞ்சம் சிறுத்து, சாய்வாகக் கடைந்திருப்பார்கள். வளைவில் இரண்டு சில்லுகளும் ஒரே அச்சில் வழுக்காமல் திரும்ப அந்தச் சாய்வு உதவுகிறது. ஆனால் நேர்ப்பாதையில் வேகம் கூடக்கூட அதே சாய்வு வம்பு செய்கிறது. சில்லுச் சோடி இடப்புறம் ஒதுங்கும், தன்னைத் திருத்திக்கொள்ள வலப்புறம் வரும், அங்கே கொஞ்சம் மிஞ்சும், மறுபடி இடப்புறம். ஓர் எல்லையைத் தாண்டினால் இந்த ஆட்டம் தானாகவே பெருகி, கோச்சியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறிந்துவிடும்.

போருக்குப் பிறகு யப்பானில் விமானம் செய்யத் தடை வந்தது. விமானப் பொறியியலாளர் பலர் கோச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ததாஷி மத்சுதைரா. போர் விமானத்தின் இறக்கை ஏன் நடுங்கி முறிகிறது என்று ஆராய்ந்தவர். கோச்சி குலுங்குவதற்குப் பாதையின் மேடு பள்ளம்தான் காரணம் என்று பழைய ரயில்வேக்காரர்கள் நம்பினார்கள். இவர் அப்படியில்லை என்றார். பாதை எவ்வளவு சீராக இருந்தாலும் இந்த ஆட்டம் சில்லுக்குள்ளேயே பிறக்கிறது. இறக்கை நடுங்கும் அதே கணக்குத்தான் இதுவும் என்றார். சின்ன மாதிரிச் சில்லுகளைச் சுழலும் உருளைகளின் மேல் ஓட்டிக் காட்டி நிரூபித்தார். சில்லுச் சோடிகளைத் தாங்கும் சட்டத்தில் எந்த இடத்தில் வில் இறுக்கமாக இருக்க வேண்டும், எங்கே ஆட்டத்தை உறிஞ்ச வேண்டும் என்று கணக்கிட்டால் 200 கிலோமீற்றர் வேகத்திலும் அது அடங்கி ஓடும் என்பது அவர் சொன்ன தீர்வு.

இன்னொரு விமானக்காரர் ததனாவோ மிகி. காற்றைக் கிழிக்காமல் வழுக்கிப் போகும் உடல்வடிவத்தை அவர் கொண்டுவந்தார். 1957 செப்டெம்பரில் அவர்கள் வழிகாட்டலில் செய்த ஒரு கோச்சி, பழைய ஒடுக்கப் பாதையிலேயே 145 கிலோமீற்றர் ஓடியது. அந்த அகலத்தில் அது அன்றைய உலக சாதனை. அத்தோடு பழைய பாதையின் எல்லையும் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் போக வேண்டுமானால் வேறு பாதை வேண்டும்.

அதற்குச் சில மாதங்கள் முன்பே, அதே ஆண்டு மே மாதம், ஆராய்ச்சி நிலையத்தார் தோக்கியோவில் ஒரு பகிரங்கக் கூட்டம் வைத்து, ஒசாக்காவுக்கு மூன்று மணி நேரத்தில் போகலாம் என்று அறிவித்தார்கள். அப்போது விரைவுக் கோச்சிக்கே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எதிர்ப்பும் கடுமையாக வந்தது. உலகம் முழுவதும் காருக்கும் விமானத்துக்கும் மாறுகிறது, இனிப் பாதை போடுவது பிரமிட் கட்டுகிற வேலை என்று எழுதினார்கள்.

1959 ஏப்ரலில் வேலை தொடங்கியது. புதிய பாதையின் இலக்கணம் நான்கைந்து வரிகளில் அடங்கும். வளைவு என்றால் குறைந்தது 2,500 மீற்றர் ஆரம். பழைய ஒடுக்கப் பாதையின் மெதுவான கோச்சிகள் அதில் ஏற முடியாது. எஞ்சின் ஒன்று முன்னால் நின்று இழுக்காமல், பெட்டிகள் எல்லாவற்றிலும் மோட்டார் இருக்க வேண்டும். 200 கிலோமீற்றர் வேகத்தில் வழியோரக் கைகாட்டியைக் கண்ணால் பார்த்து நிறுத்த முடியாது என்பதால் சமிக்ஞை சாரதியின் முன்னாலேயே தெரிய வேண்டும். அவர் தவறினால் கோச்சி தானாகவே வேகம் குறைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 515 கிலோமீற்றர் நீளத்தில் ஓரிடத்தில்கூட வீதி குறுக்கிடக் கூடாது. வீதி மேலே போகட்டும், இல்லாவிட்டால் கீழே போகட்டும். கடவை என்ற பேச்சே இல்லை.

பணக் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. உண்மையான செலவைச் சொன்னால் அரசு திட்டத்தைத் தூக்கி வீசிவிடும் என்று சோகோவுக்குத் தெரியும். ஏறக்குறைய 20,000 கோடி யென் என்று சொல்லித் தொடங்கினார்கள். 38,000 கோடியில் வந்து நின்றது. அரசாங்கம் மாறினாலும் வேலை நிற்காதபடிக்கு 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடனும் வாங்கினார்கள்; வெளியாருக்குக் கொடுத்த வாக்கை இடையில் முறிக்க எந்த அரசும் தயங்கும். மக்கள் பணத்தைச் செலவிடும்போது கணக்கைக் குறைத்துச் சொன்னதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். சோகோவும் அதற்கு விலை கொடுத்தார். 1963இல் பதவி போனது. ஷிமாவும் கூடவே விலகினார். 1964 ஒக்டோபர் 1ஆம் திகதி காலை ஆறு மணிக்கு முதல் கோச்சி தோக்கியோவிலிருந்து புறப்பட்டபோது அதை உண்டாக்கிய இருவரும் மேடையில் இல்லை. அன்று உச்ச வேகம் 210 கிலோமீற்றர். ஒசாக்காவுக்கு நான்கு மணி நேரம். மறு ஆண்டே மூன்று மணி பத்து நிமிடம். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் யப்பானின் அதிவேகப் பாதைகளில் மோதியோ தடம்புரண்டோ ஒரு பயணிகூட உயிரிழக்கவில்லை.

அதே 1964 நம் கடலுக்கு வேறு மாதிரி முடிந்தது. டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் தள்ளியது. பாம்பனிலிருந்து வந்த கோச்சி, ஏறியிருந்த சனத்தோடு அலையில் போனது. 1914 முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கோச்சி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குக் கோச்சி என்று ஒரே பயணமாக இருந்த வழி அந்த இரவோடு அறுந்தது. யப்பானில் ஒரு பாதை பிறந்த மூன்று மாதத்துக்குள் நம் பக்கத்தில் ஒரு பாதை செத்தது.

ஆலங்குடாவில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ச் சனத்தில் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ஆலங்குடாவின் முகாம்கள் அப்படி எழுந்தவை. தலைமன்னார்க் கோச்சியும் அதே 1990இல்தான் நின்றது. மன்னாரில் பிறந்து இங்கே கிடுகுக் கொட்டிலில் பிள்ளை வளர்த்த வாப்பாமாருக்கு அந்தக் கோச்சி வெறும் வாகனமாக இருக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழி திறந்துவிட்டதா என்று கேட்பவர்கள் கோச்சி ஓடுகிறதா என்றுதான் கேட்பார்கள். இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் அந்தப் பாதையைப் புதிதாகப் போட்டது. 2013இல் மடு வரை வந்தது. 2015 மார்ச் 14ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைக்க, தலைமன்னாரிலிருந்து மறுபடி கோச்சி புறப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு.

அதே இந்தியா இப்போது தன் நிலத்தில் முதல் அதிவேகப் பாதையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீற்றர், 12 நிலையங்கள், மணிக்கு 320 கிலோமீற்றர். 2015 டிசம்பரில் யப்பானோடு உடன்பாடு. 2017 செப்டெம்பர் 14ஆம் திகதி சபர்மதியில் அடிக்கல். முதலில் போட்ட மதிப்பு 1,08,000 கோடி இந்திய ரூபாய். அதில் ஐந்தில் நான்கு பங்கு யப்பான் கடன், வட்டி 0.1 சதவீதம், தவணை 50 ஆண்டு.

அந்தப் பாதை நிலத்தில் ஓடுவதில்லை, பெரும்பகுதி தூண்களின் மேல் ஓடுகிறது. இரண்டு தூண்களுக்கு இடையில் வைக்கும் கொங்கிறீற்று உத்தரம் 40 மீற்றர் நீளம், 970 தொன் எடை. அதைத் துண்டு துண்டாகச் செய்து ஒட்டுவதில்லை. வழியோரத்து வார்ப்புக் களத்தில் ஒரே வார்ப்பாக ஊற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கான டயர் பூட்டிய வண்டி ஒன்று அதைச் சுமந்து, ஏற்கெனவே வைத்து முடித்த உத்தரங்களின் மேலேயே ஊர்ந்து போகிறது. பாதையின் நுனியில் நிற்கும் இரும்புத் தூக்கி அதை வாங்கி, முன்னால் நீட்டி, அடுத்த இரண்டு தூண்களின் தலையில் இறக்குகிறது. பிறகு தூக்கி ஒரு பாய்ச்சல் முன்னேறுகிறது. கட்டிய பாதையே தன்னைத் தானே நீட்டிக்கொள்கிறது. 2025 மே மாதத்தில் தூண்களின் மேலான பாதையில் 300 கிலோமீற்றர் முடிந்தது. உத்தரத்தின் மேல் சல்லிக்கல்லும் சிலீப்பர் கட்டையும் கிடையாது. கொங்கிறீற்றுப் பலகையில் தண்டவாளத்தை நேரே பூட்டுகிறார்கள். மும்பைப் பக்கம் 21 கிலோமீற்றர் சுரங்கம், அதில் 7 கிலோமீற்றர் தாணே என்ற கழிமுகத்தின் அடியில்.

இவ்வளவு கெட்டித்தனத்தையும் பல ஆண்டு தாமதப்படுத்தியது முக்கியமாக நிலம். 2023இல் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. மகாராஷ்டிரத்தில், முக்கியமாகப் பால்கர் மாவட்டத்தில், சப்போட்டாவும் மாவும் வைத்திருந்த தோட்டக்காரர்களும் பழங்குடியினரும் தங்கள் நிலத்தை விட மறுத்தார்கள். எதிர்ப்பும் வழக்கும் பேச்சுவார்த்தையுமாக இழுபட்டு, தேவையான 1,389 ஹெக்டேயர் முழுவதும் கைக்கு வந்தது 2024 ஜனவரியில்தான். கண்டல் காடுகளை வெட்ட மும்பை உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. இப்போது சூரத்–பிலிமோரா இடையில் 2027இல் முதல் கோச்சி ஓடும் என்கிறார்கள்.

நிலத்துக்காக நின்ற அந்தத் தோட்டக்காரர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பிற்பகலில் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வாழும் ஊர் ஆலங்குடா. நிலம் போவது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதிவேகப் பாதை வளைந்து கொடுக்காது. யாருடைய கிணறு வழியில் இருந்தாலும் விலகிப் போகாது. அதனால்தான் அதைப் போடுபவர்கள் எஞ்சினை விலை பேசும் முன் கிணற்றின் உடைமைக்காரனோடு பேசியிருக்க வேண்டும்.

இனிப் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். இலங்கையிலும் பாதையைப் புதிதாகப் போடும் வேலை நடக்காமல் இல்லை. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் பழைய பாதை மறுபடி புதிதாகவே போடப்பட்டது. 2019 ஜனவரி 8இல் மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குத் திறந்த பாதை, சுதந்திரத்துக்குப் பின் முற்றிலும் புதிய வழியில் போட்டவற்றில் முதலாவது. சீனக் கடனில் 26.75 கிலோமீற்றர், மணிக்கு 120 கிலோமீற்றருக்கு அமைத்தது. பழைய எஞ்சின்கள்கூட அப்படிப்பட்ட பாதையில் ஏறியதும் நிமிர்ந்து ஓடுகின்றன. பாதைதான் வேகம் என்பதற்கு யப்பான் வரை போக வேண்டியதில்லை.

புத்தளப் பாதையோ ராகமவில் பிரிந்து 1909இல் நீர்கொழும்புக்கும், 1916இல் சிலாபத்துக்கும், 1926இல் புத்தளத்துக்கும் வந்தது. நீர்கொழும்புக்கு வடக்கே பெரும்பகுதி இன்றும் ஒற்றைப் பாதை. எதிரே கோச்சி வந்தால் நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். மாதம்பை, சிலாபம், முந்தல், மதுரங்குளி என்று தென்னந்தோட்டங்களுக்கு இடையே வரும் வழியில் கேற் இல்லாத கடவைகள் பல. இந்தப் பாதையில் யப்பானிலிருந்து எந்த எஞ்சினைக் கொண்டுவந்து விட்டாலும் அது நம்முடைய கோச்சியைப் போலத்தான் ஓடும். 2005 ஏப்ரலில் பிரதான பாதையில் யாங்கல்மோதரைக் கடவையில் பஸ்ஸைக் கோச்சி மோதி முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை நாடு மறந்திருக்காது. கடவையை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவது கொலைக்குச் சமம்.

புத்தளத்திலிருந்து மன்னாருக்கு நேரே பாதை இழுக்கலாமே என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் நேர்வழி என்றால் நடுவில் வில்பத்து நிற்கிறது. அந்தக் காட்டைப் பிளந்து ஓடும் கோச்சி வேண்டாம் என்பதே என் முடிவு. செய்யக்கூடியது அதைவிட எளிது. கேற் இல்லாத கடவைகளுக்குக் கேற்றும் மணியும் போடலாம், முடிந்த இடங்களில் வீதியை மேலேயோ கீழேயோ எடுக்கலாம். சிலாபத்திலிருந்து புத்தளம் வரை தண்டவாளத்தையும் சிலீப்பரையும் புதுப்பிக்கலாம். நீர்கொழும்புக்கு வடக்கே இரண்டாவது பாதையைக் கட்டம் கட்டமாக நீட்டலாம். கோச்சி வரும் நேரத்துக்குப் பாலாவியில் கற்பிட்டி பஸ் நிற்கும்படி செய்யலாம். இதற்குச் சல்லிக்காசுகூடச் செலவில்லை. இவையெல்லாம் செய்த பின் இதே பாதையில் கொழும்புப் பயணம் எவ்வளவு குறையும் என்று பாருங்கள்.

ஆலங்குடாவுக்கும் நுரைச்சோலைக்கும் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் இனி அதிவேகக் கோச்சியைப் பற்றியும் பேசக்கூடும். பேசினால் கேளுங்கள்: முதலில் எந்தக் கடவைக்குக் கேற், எந்த ஆண்டில், எந்தப் பணத்தில்? பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.